தம்பி மாத்திரையை நிறுத்தப் போகிறேன் என்கிறான்

கேள்வி: என் தம்பிக்கு 27 வயது. இருதுருவ மனநிலைக் கோளாறுக்காக (பைபோலார்) ஒன்றரை வருடமாக லித்தியம் சாப்பிடுகிறான். இப்போது நன்றாக இருக்கிறான். ஆனால் பத்து நாளாகக் கை நடுக்கம் கூடிவிட்டது. டம்ளரைத் தூக்கினால் காப்பி தளும்புகிறது. "இந்த மாத்திரையே வேண்டாம்" என்கிறான். முட்டிவலிக்கு மருந்துக்கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுகிறான். பிரஷர் வரக்கூடாதென்று அம்மா உப்பையும் குறைத்துவிட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் அந்தக் கை. லேசான நடுக்கம் லித்தியத்தில் சகஜம். இப்படித் திடீரென்று கூடினால் இரத்தத்தில் மருந்து ஏறுகிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் இரண்டுமே சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கும். உடம்பில் உப்பு குறைந்தாலும் சிறுநீரகம் சோடியத்தோடு லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் வீட்டில் வலி மாத்திரையும் உப்புக் குறைப்பும் சேர்ந்துவிட்டன.

வலி மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். வலிக்குப் பாராசிட்டமால் போதும். உப்பு பழையபடி இருக்கட்டும். மருத்துவரை இன்றே அழைத்து, அடுத்த வேளை மாத்திரை தரலாமா என்று கேட்டுவிட்டு, லித்தியம் அளவைப் பாருங்கள். கடைசி மாத்திரைக்குச் சரியாக 12 மணி நேரம் கழித்து இரத்தம் எடுக்க வேண்டும்: இரவு 9 என்றால் காலை 9, காலை மாத்திரைக்கு முன். தொடர்சிகிச்சையில் இந்த அளவைப் பெரும்பாலும் லிட்டருக்கு 0.6 முதல் 0.8 மில்லிமோல் வரை வைப்பார்கள், 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து. வாந்தி, வயிற்றுப்போக்கு, பேச்சுக் குழறல், நடையில் தள்ளாட்டம் வந்தால் மாத்திரை தராமல் நேரே அவசரப் பிரிவுக்கு.

நிறுத்துவது பற்றி: நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். சட்டென்று விட்டால் அடுத்த சில மாதங்களில் மிகைக்கிளர்ச்சி (மேனியா, அதாவது அளவுக்கு மீறிய உற்சாகமும் வேகமும்) திரும்பும் வாய்ப்பு அதிகம். குறைப்பதென்றாலும் மருத்துவர் பார்வையில், குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்து, படிப்படியாகத்தான். தம்பியிடம் வாதாடாதீர்கள். "நடுக்கம் கஷ்டமாகத்தான் இருக்கும், அதைச் சரிசெய்யக் கேட்போம்" என்று தொடங்குங்கள். அவர் வெறுப்பது அந்த நடுக்கத்தை, அதற்கு வழியிருக்கிறது.

ஒரு நோட்டில் படுத்த நேரம், எழுந்த நேரம், காலையில் களைப்பு உண்டா என்று தினமும் அவரே எழுதட்டும். தொடர்ந்து இரண்டு இரவு மூன்று, நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லை என்றால் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். மிகைக்கிளர்ச்சியின் அதிகச் செலவும் வேகப் பேச்சும் பெரும்பாலும் இந்தத் தூக்கக் குறைவுக்குப் பின்னால்தான் வரும். அப்போது ஏடிஎம் கார்டும் பைக் சாவியும் யாரிடம் இருக்க வேண்டும் என்பதை, தெளிவாக இருக்கும் இப்போதே அவர் கையால் எழுதி வாங்குங்கள். இரவில் யாரையும் பிடிக்க முடியாவிட்டால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். இலவசம், தமிழில் பேசலாம்.