தடாகச் சுவரில் கறள்: இந்தக் கோடையில் பிள்ளைகளை இறக்கலாமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள பிரம்ரனிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கும் நீண்ட கடிதத்தின் சாரம் இது. அவர் வாங்கிய வீட்டோடு, நிலத்துக்கு மேல் நிற்கும் உருக்குச் சுவர் நீச்சல் தடாகம் ஒன்றும் பின்வளவில் வந்து சேர்ந்தது. வட்ட வடிவம், 24 அடி விட்டம், 52 அங்குல உயரம். இந்த வசந்தத்தில் குளிர்கால உறையை அகற்றியபோது, ஸ்கிம்மருக்கு (நீர்மேல் மிதக்கும் குப்பையை உள்ளிழுக்க, சுவரில் பொருத்தியிருக்கும் பெட்டி) கீழே பழுப்புக் கோடுகளும், மேற்சட்டங்கள் சிலவற்றில் கறளும், அடியில் மண்ணை ஒட்டிய பகுதியில் வண்ணப்பூச்சுக் கொப்புளங்களும் தெரிந்தன. பார்க்க வந்த ஒருவர், சுரண்டிப் பெயின்ற் அடித்தால் போதும் என்று 600 டொலர் கேட்டார். மற்றவரோ, முழுவதையும் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும் என்றும், அத்தோடு உப்புநீர் முறைக்கு மாறினால் குளோரினும் தேவையில்லை, கறளும் வராது என்றும் சொன்னார். இருவரில் யாரை நம்புவது என்பது அவருடைய கேள்வி. ஸ்காபரோவில் இருக்கும் தமையனாரின் நீள்வட்டத் தடாகத்துக்கும் இதே பதில் பொருந்துமா என்றும் கேட்டிருக்கிறார்.

இருவரையும் நம்ப வேண்டாம். பெயின்ற் அடிக்க வந்தவர் கறள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை. புதிதாகப் போட வந்தவர் பார்க்க விரும்பவில்லை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துச் சொல்வதானால், உங்களைப் பயமுறுத்தும் பழுப்புக் கோடுகளைவிட, நீங்கள் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்ட அடிப்பகுதிக் கொப்புளங்களே எனக்குக் கவலை தருகின்றன. அவற்றைச் சோதித்து முடிக்கும்வரை நீர்மட்டத்தை உயர்த்த வேண்டாம். பிள்ளைகளை அந்தப் பக்கம் விளையாடவும் விட வேண்டாம்.

காரணத்தை எளிதாகவே விளக்கலாம். உங்கள் தடாகத்தில் 4 அடி ஆழத்துக்கு நீர் நிரம்பினால் அது ஏறத்தாழ 50,000 லீற்றர், அதாவது 50 தொன். இதைச் சுற்றி நிற்கும் தூண்கள் தாங்குகின்றன என்றே பலரும் நினைக்கிறார்கள். வட்டத் தடாகத்தில் பாரத்தைத் தாங்குவது, பீப்பாவைச் சுற்றி இறுக்கிய இரும்புப் பட்டையைப் போல, அந்தச் சுவர்த் தகடுதான்; தூண்கள் பெரும்பாலும் சுவரை நிமிர்த்தி வைத்து மேற்சட்டத்தைச் சுமக்கின்றன. தகடோ ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்கூட இல்லாதது. நீரின் அழுத்தம் மேலே அற்பமாகவும், அடியில் சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 1,200 கிலோவாகவும் இருப்பதால், மேல் விளிம்பில் உள்ளங்கையளவு கறள் இருப்பதும் அடி விளிம்பில் விரலளவு கறள் இருப்பதும் ஒன்றல்ல. அடியில் தகடு கிழிந்தால் அது கசிவோடு நிற்பதில்லை. கிழிசல் மேல்நோக்கி ஓட, 50 தொன் நீரும் ஒரே பக்கமாக வெளியேறும்.

சோதிக்கும் முறைக்கு வருகிறேன். இங்கு வழக்கமாகச் செய்வதுபோல் குளிர்காலத்துக்கு நீரை ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே மட்டும் இறக்கியிருப்பீர்கள் என்றால், தடாகத்தில் இன்னமும் பெருமளவு நீர் நிற்கிறது. ஆகையால் திருப்புளியால் குத்திப் பார்க்கக் கூடாது. காணொளிகளில் அப்படிக் காட்டுகிறார்கள். அது நீரை வெளியேற்றி, தடாகத்தின் உட்புறம் விரித்திருக்கும் பிளாஸ்திக் உறையான லைனரைக் கழற்றிய பின் உள்ளிருந்து செய்ய வேண்டியது. முதலில் சுவரோடு அணைந்து கிடக்கும் மண்ணையும் மரச்சீவலையும் கையாலோ பிளாஸ்திக் கரண்டியாலோ விலக்கி, அடிச்சட்டம் முழுவதும் வெளியே தெரியும்படி செய்யுங்கள். பழைய உரிமையாளர்கள் அழகுக்காகப் பூப்பாத்தி போட்டுச் சுவரில் மண்ணை ஏற்றிவிடுவார்கள். ஈரமண் ஆண்டு முழுவதும் தகட்டைத் தழுவிக்கொண்டிருந்தால் எந்தப் பூச்சும் நிலைக்காது. அதன் பின் ஒரு கொப்புளத்தைப் பெருவிரலால் மெதுவாக அழுத்துங்கள். பூச்சு உதிர்ந்து, கீழே கடினமாக, மேலோட்டமான செம்மை மட்டும் தெரிந்தால் அது பிழைக்கும். அழுத்தும்போது விரல் சிறிதேனும் உள்வாங்கினாலோ, கறள் அப்பளத்தைப் போலத் தாள்தாளாக உரிந்து வந்தாலோ, அந்த இடத்தில் ஈரம் கசிந்தாலோ அத்தோடு நிறுத்திவிட்டு நீரை வெளியேற்றத் தொடங்குங்கள். அந்தச் சுவருக்கு இனிப் பூச்சும் ஒட்டுத்தகடும் உதவமாட்டா.

அடிப்பகுதி உறுதியாக இருந்தால் ஸ்கிம்மருக்குப் போகலாம். அங்கே தெரியும் பழுப்புக் கோடு கசிவின் அடையாளம். சுவரில் வெட்டிய துவாரத்தில் ஸ்கிம்மரைப் பொருத்தும்போது லைனருக்கும் தகட்டுக்கும் இடையில் வைக்கும் றப்பர் வளையம் காலப்போக்கில் இறுகிப்போகும். பனிக்கட்டி ஸ்கிம்மரை நெருக்கியிருந்தால் இன்னும் விரைவில் போகும். வெட்டுவிளிம்பில் கறளைத் தடுக்கும் நாகப்பூச்சு இல்லாததால் கறள் அங்கேதான் தொடங்கும். குளோரின் வில்லைகளை ஸ்கிம்மர் கூடைக்குள் போடும் பழக்கம் இதை இரட்டிப்பாக்குகிறது. பம்ப் நின்றிருக்கும் இரவில் வில்லை கரைந்து, கடும் அமிலத்தன்மையுள்ள நீர் அங்கேயே தேங்கி, கசிகிற வளையத்தின் வழியே தகட்டைத் தின்கிறது. வில்லைகளை மிதக்கும் கூட்டில் போடுங்கள். அமிலக் கலன்களையும் தடாகத்துக்கு அருகில் உள்ள கொட்டகையில் வைக்காதீர்கள். மூடியிருந்தாலும் அதன் ஆவி அங்குள்ள ஆணி முதல் ஏணி வரை எல்லாவற்றிலும் கறளை ஏற்றிவிடும்.

கசிவை நிறுத்தாமல் பெயின்ற் அடிப்பது 600 டொலரைத் தண்ணீரில் போடுவது. ஸ்கிம்மர் வாய்க்குச் சில அங்குலம் கீழே நீர் இருக்கும்போதே முகப்புத் தட்டின் திருகாணிகளைக் கழற்றி, புதிய வளையத்தைப் போட்டு, எதிரெதிர்த் திருகாணிகளைச் சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். மிகையாக இறுக்கினால் பிளாஸ்திக் வெடிக்கும். பிறகு வெளிப்புறக் கறளைக் கம்பித் தூரிகையால் உலோகம் மினுங்கும்வரை தேய்த்து, நாகம் செறிந்த அடிப்பூச்சையும் அதன்மேல் வெளிப்பூச்சையும் அடிக்க வேண்டும். இந்த வேலைக்குப் பொருட்செலவு பெரிதல்ல; பொறுமைதான் வேண்டும். அதனால்தான் கூலிக்கு வருபவர்கள் தேய்ப்பதைக் கைவிட்டுப் பூசுவதை மட்டும் செய்கிறார்கள். கறளின் மேல் பூசிய பெயின்ற் கறளை மறைக்கும், நிறுத்தாது. மறைந்திருக்கும் கறளோ உங்கள் கண்ணில் படாமல் வளரும். வீட்டை விற்கும் முன் இப்படிப் பூசிவிடுவதை ஒரு தொழிலாகவே சிலர் செய்கிறார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒன்ராறியோவில் பொதுத் தடாகங்களுக்கு ஒழுங்குவிதி 565 இருக்கிறது; தனியார் பின்வளவுத் தடாகத்தின் சுவரை எவரும் வந்து பார்ப்பதில்லை. மாநகரசபை வேலியின் உயரத்தை அளக்கும், கதவு தானாகப் பூட்டுகிறதா என்று பார்க்கும். அது நல்லதுதான், ஆனால் வேலிக்குள் 50 தொன் நீரை எது பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்காது. வீடு வாங்கும்போது வரும் பரிசோதகர்களை உரிமமுறைக்குள் கொண்டுவர 2017 இல் மாகாணம் ஒரு சட்டத்தை நிறைவேற்றி, அதை நடைமுறைப்படுத்தாமல் அலுமாரியில் வைத்துவிட்டது. அவர்களுடைய அறிக்கைகளும் பெரும்பாலும் "நீச்சல் தடாகம் பரிசோதிக்கப்படவில்லை" என்ற ஒற்றை வரியோடு நழுவிவிடுகின்றன.

உப்புநீர் பற்றிச் சொல்லப்பட்டது வெறும் விற்பனைப் பேச்சு. உப்புநீர் முறையும் குளோரின் முறைதான். உப்பிலிருந்து அந்தக் கருவியே குளோரினை உண்டாக்குகிறது. ஏறத்தாழ 3,000 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கில் 3,000 பங்கு) உப்புள்ள நீர், ஏற்கெனவே கசிந்து கறள் பிடித்த உருக்குச் சுவருக்கு மேலும் கேடு செய்யும். உப்புநீருக்கு ஏற்ற பிசின் (கெட்டிப் பிளாஸ்திக்) பாகங்களோடு வரும் தடாகங்கள் உண்டு, உங்களுடையது அதுவல்ல.

மேற்சட்டங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. அவற்றையும், வட்டத் தடாகமாக இருந்தால் தூண்களையும்கூட, ஒவ்வொன்றாகக் கழற்றி மாற்றலாம். ஆனால் வேலையைத் தொடங்கும் முன் தூண்களின் அடியில் செப்புக் கம்பி ஒன்று பிணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தடாகத்தின் உலோகப் பாகங்களையெல்லாம் ஒரே மின்னழுத்தத்தில் வைத்திருக்கும் பிணைப்பு அது. கறள் பிடித்த பிணைப்பியைக் குப்பையென்று வெட்டி எறிபவர்களைக் கண்டிருக்கிறேன். அது அறுந்திருந்தால் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரை அழையுங்கள். அவர் மின் பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துவிட்டே அந்த வேலையைச் செய்ய வேண்டும்.

இனித் தமையனாரின் தடாகம். மேலே சொன்னவற்றில் பாதி அதற்குப் பொருந்தாது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். வளைந்த சுவர் தன் இழுவிசையால் தானே நிற்கும். நேராக ஓடும் சுவர் அப்படி நிற்காது. ஆகவே நீள்வட்டத்தின் இரு நீண்ட பக்கங்களிலும் தாங்குகால்களை நிறுத்தி, ஒரு பக்கத்துக் காலையும் மறுபக்கத்துக் காலையும் தடாகத்தின் அடியில், மணலுக்குக் கீழே செல்லும் உருக்குப் பட்டைகளால் இணைத்திருப்பார்கள். அந்தத் தடாகத்தைப் பிடித்து வைத்திருப்பவை இந்தப் பட்டைகளே. ஆனால் அவை ஈரமணலில் புதைந்திருப்பதால் கறள் பிடிப்பது எவர் கண்ணுக்கும் தெரியாது. வெளியே பளபளப்பாக இருக்கும் நீள்வட்டத் தடாகம், அடியில் பட்டை அரித்துப்போய், ஒருநாள் பக்கவாட்டில் விரியலாம். அவர் செய்ய வேண்டியது இதுதான்: நீண்ட பக்கத்தின் ஒரு முனைத் தூணிலிருந்து மறுமுனைத் தூண் வரை மேல் விளிம்பையொட்டி ஒரு நூலை இழுத்துக் கட்டி, நடுத் தூண்கள் நூலைவிட வெளியே தள்ளி நிற்கின்றனவா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு தாங்குகாலின் அடிமுனையிலும் மண்ணை விலக்கி, பட்டை வந்து சேரும் மூட்டைப் பார்க்க வேண்டும். நூல் விலகினாலோ மூட்டு தாள்தாளாக உரிந்தாலோ நீரை உடனே வெளியேற்ற வேண்டும். வட்டத் தடாகத்தில் தூணை மாற்றுவதுபோல, நீர் நிற்கும் நிலையில் நீள்வட்டத்தின் தாங்குகாலில் ஒரு திருகாணியைக்கூடத் தளர்த்தக் கூடாது. "நாளைக்கே மாற்றித் தருகிறேன், நீரை எடுக்கத் தேவையில்லை" என்று எவராவது சொன்னால் அவரை வளவுக்குள் விட வேண்டாம்.

நீரை வெளியேற்றினால் பழைய லைனர் சுருங்கி, மீண்டும் நிரப்பும்போது கிழியக்கூடும். எனவே புது லைனரின் செலவையும் சேர்த்தே கணக்கிடுங்கள். ஒப்பந்தக்காரர்கள் காத்திருப்பதும் இந்த இடத்துக்கே. லைனரைக் கழற்றி வெளியே போட்ட பிறகுதான் "சுவர் முழுக்க உக்கிவிட்டது, இன்னும் 4,000 டொலர்" என்பார்கள். வெறும் சுவர் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும் நிலையில் உங்களால் மறுக்க முடியாது. ஆகவே லைனரைத் தொடும் முன்னரே, சுவரில் துளை கண்டால் ஒட்டுத்தகட்டுக்கு எவ்வளவு, ஸ்கிம்மர்த் துவாரம் அரித்திருந்தால் அதைச் சுற்றித் தகடு பொருத்த எவ்வளவு, வேலையை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னால் எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். மதிப்பீடு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தால், நீங்கள் கூடுதல் வேலைக்குச் சம்மதித்தால் அன்றி, அதற்கு மேல் 10 வீதத்தைத் தாண்டி அறவிட ஒன்ராறியோவின் 2002 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடமளிப்பதில்லை. உங்கள் வீட்டில் வைத்துக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் எழுத்துப் பிரதி கிடைத்த நாளிலிருந்து 10 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே அதை இரத்துச் செய்யவும் முடியும். அந்த 10 நாட்கள் முடியும்வரை எவரும் லைனரில் கத்தி வைக்க விடாதீர்கள்.