நேற்றைய தாளின் பின்பக்கம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, காலை நாலரைக்கு எழுகிறேன். சமையல், பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ், அப்புறம் 8 மணிக்கு பாண்டி பஸ். அங்கே ஒரு ஆபீஸில் கணக்கு வேலை. இரவு படுக்கும்போது, இன்றைக்கு எனக்கென்று என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றுமே இல்லை. ஜிஎஸ்டி கோர்ஸ் ஒன்று படிக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாக நினைப்பு. போனில் ஒரு ஆப்பில் வேலைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன், அதில் 23 வேலை அப்படியே நிற்கிறது. எனக்கு ஒழுங்கு போதவில்லையா?
வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: ஒழுங்கு இல்லாதவர் தினமும் நாலரைக்கு எழுந்து வீட்டுக்கே சமைத்து வைத்துவிட்டு பஸ் பிடிக்க மாட்டார், அதனால் அந்தச் சந்தேகத்தை முதலில் விடுங்கள். டிபன் பாக்ஸ் கட்டுவது, தண்ணீர் பாட்டில் நிரப்புவது, பாத்திரம் ஒதுக்குவது, இதையெல்லாம் வீட்டுக்காரரும் பிள்ளைகளும் செய்யட்டும். தானாகச் செய்வார்கள் என்று காத்திருக்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார வைத்து யாருக்கு எது என்று பிரித்துக் கொடுங்கள். இதைச் செய்யாமல் நான் வேறு எந்த யோசனை சொன்னாலும் அது உங்கள் தூக்கத்தில்தான் கை வைக்கும்.

சரி, அந்த 23. 'ஜிஎஸ்டி படிக்கணும்' என்று எழுதியிருப்பீர்கள், எப்போது, எங்கே என்று எழுதியிருக்க மாட்டீர்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியல் பேராசிரியர் இதை ஆராய்ந்து 1999-ல் எழுதினார்: இந்த இடம் வந்ததும் இதைச் செய்வேன் என்று முன்கூட்டியே முடிவு செய்து வைப்பவர்கள், செய்யணும் என்று நினைப்பதோடு நிற்பவர்களைவிட அதிகமாகச் செய்து முடிக்கிறார்கள். உங்களுக்கு அந்த இடம் பஸ்தான். பஸ் ஸ்டாண்டிலேயே ஏறி சீட் பிடித்துவிடுங்கள். பஸ் கிளம்பியதும் பாடம், கிருமாம்பாக்கம் வந்ததும் மூடிவிட வேண்டும். ஓடுகிற பஸ்ஸில் படித்தால் தலை சுற்றும் என்றால் இயர்போனில் கேளுங்கள். கிருமாம்பாக்கம் தாண்டினால் ஜன்னல் பக்கம் பாருங்கள், அதுவும் உங்களுக்கான நேரம்தான்.

நான் செய்வதையும் சொல்கிறேன். எங்கள் வீட்டில் இன்னும் தினசரி காலண்டர்தான். காலையில் நேற்றைய தாளைக் கிழித்ததும், ராகு காலம் எமகண்டம் அச்சடித்த பக்கத்தைத் திருப்பி, வெள்ளையாக இருக்கும் பின்பக்கத்தில் இன்றைய வேலையை எழுதுவேன். உள்ளங்கை அகலத் தாள், மூன்று வரி எழுதினாலே நிறைந்துவிடும், நாலாவது வேண்டுமென்றால் ஒன்றை அடித்தாக வேண்டும். அதை மடித்து பர்ஸில் வைத்துக்கொள்வேன். முடியாதது மறுநாள் தாளுக்குப் போகும், ஒரு வாரம் அப்படியே போய்க்கொண்டிருந்தால் அந்த வேலையை மனசார விட்டுவிடுவேன். ஆப்பில் இருக்கும் 23-ல் பாதியை நீங்களும் இப்படி விடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கம் ஆகிவிடும் என்கிறார்களே. பீச் ரோட்டில் காலை நடை ஆரம்பித்தேன், 12 நாள் போனேன், 13-ஆம் நாள் மழையில் விட்டுப்போச்சு. மறுபடி ஒன்றிலிருந்தா?
மாணவர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: இல்லை தம்பி, 14-ஆம் நாளிலிருந்து. அந்த 21 எங்கிருந்து வந்தது தெரியுமா? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன், தன் நோயாளிகளுக்குப் புது முகம் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று 1960-ல் எழுதினார். 'குறைந்தது' என்பது வாய் மாறி வாய் மாறி உதிர்ந்துபோனது. லண்டனில் பிலிப்பா லாலியும் அவர் குழுவும் 96 பேரை 12 வாரம் கவனித்துப் பார்த்ததில், ஒரு செயல் யோசிக்காமலே வருவதற்குச் சராசரியாக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் இது 18 நாளிலிருந்து 254 நாள் வரை மாறும் என்று கணக்கிட்டார்கள் (12 வாரத்துக்கு மேல் போவது அவர்கள் கணித்துச் சொன்னது). நடுவில் ஒரு நாள் தவறினாலும் பெரிய பாதிப்பு இல்லை என்பதும் அதில் தெரிந்தது. காலை ஏழரை வரைக்கும் பீச் ரோட்டில் வண்டி விட மாட்டார்கள், இதைவிட நல்ல இடம் ஏது? ஷூவை இன்றைக்கே வாசல் பக்கம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகிறது. நாள் எப்படிப் போகிறது என்றே தெரியவில்லை. டைரி எழுதச் சொல்கிறார் மகள். என் டைரியில் எழுத என்ன இருக்கிறது, சகோதரி?
வாசகர், பண்ருட்டி

பதில்: மகள் சொல்வது சரி ஐயா. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ல் எழுத ஆரம்பித்தவர், 1761-ல் காலமாகும் வரை எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, கவர்னர் என்ன சொன்னார், ஊரில் என்ன பேச்சு என்று அன்றன்றைக்கு நடந்ததைத்தான் எழுதினார், இன்றைக்கு அந்தக் காலத்துப் புதுச்சேரியைத் தெரிந்துகொள்ள அதைத்தான் புரட்டுகிறோம். நீங்களும் பெரிதாக யோசிக்க வேண்டாம். யார் வந்தார்கள், பலா என்ன விலை போனது, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், மூன்று வரி போதும். ஒரு வாரம் கழித்துப் படித்துப் பாருங்கள், நாள் எங்கே போகிறது என்பது உங்கள் கையெழுத்திலேயே இருக்கும். முதல் பக்கத்துக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன நடந்தது, தோப்பில் எந்தெந்த மரம் சாய்ந்தது, அதை எழுதுங்கள்.