சாஃபி கவுண்டியில் கல் பொறுக்க எங்கே போகலாம்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சாஃபி கவுண்டிக்கு (நம் மாவட்டம் மாதிரி) போகிறேன், கனிமங்கள் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் முதலில் சொல்வது மவுண்ட் ஆன்டெரோ. 14,200 அடிக்கு மேல் உயரமுள்ள மலை. மாநில ரத்தினமான, வெளிர்நீலக் கல்லான அக்வாமரைன் அங்கே கிரானைட் பாறையின் பொந்துகளில் விளைகிறது. சரிவில் உடைந்த புகைநிறக் குவார்ட்ஸ் துண்டுகள் சிதறிக் கிடந்தால், அவை எங்கிருந்து உருண்டு வந்தன என்று மேல்நோக்கிப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். பொந்து அந்தப் பக்கம்தான் இருக்கும்.

ஆனால் மலையின் நல்ல பகுதிகளில் பலவும் யாரோ ஒருவரின் சுரங்க உரிமைக்குள் (கனிமம் எடுக்கப் பதிவு செய்த நிலத்துக்குள்) வருகின்றன. அங்கே கல் எடுத்தால் திருட்டுதான். அந்த நிலத்தின் எல்லையைக் காட்ட மூலைகளில் நட்ட கம்பங்களை மட்டும் நம்பாதீர்கள். அவை விழுந்து கிடக்கலாம். கூட்டாட்சி நில மேலாண்மைத் துறையின் (BLM) இணையப் பதிவேட்டில் உரிமை நிலவரத்தைப் பார்த்துவிட்டே கிளம்புங்கள். கோடையில் மதியத்துக்குள் இறங்கிவிடுவது நல்லது, இடி மின்னல் சொல்லிக்கொண்டு வராது.

அவ்வளவு உயரம் ஏற முடியாது என்றால், நாத்ராப் ஊருக்கு அருகே ரூபி மவுண்டன் இருக்கிறது. பேரைப் பார்த்து மாணிக்கம் என்று ஏமாற வேண்டாம், கிடைப்பது கார்னெட் என்ற வேறொரு கருஞ்சிவப்புக் கல். ரயோலைட் என்ற வெளிர்நிற எரிமலைப் பாறையின் சின்னச் சின்னக் குழிகளில் மிளகளவில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் புஷ்பராகமும் (டோபாஸ்) கண்ணில் படும். அப்புறம் ஒன்று: 2015இல் அறிவிக்கப்பட்ட பிரவுன்ஸ் கேன்யன் தேசிய நினைவிடம் என்ற பாதுகாக்கப்பட்ட நிலப்பகுதி பக்கத்திலேயே இருப்பதால், எந்த இடத்தில் எடுக்கலாம் என்று உள்ளூர் வன அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.