எம்டிஏ கூடுதல், ஆன்டிஆக்சிடன்ட் குறைவு: இந்த ரிப்போர்ட்டுக்கு மாத்திரை வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 52. பத்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. மாத்திரை மட்டுமே எடுக்கிறேன். முழு உடல் பரிசோதனையோடு சேர்த்துச் செய்த ‘ஆன்டிஆக்சிடன்ட் பேனல்’ சோதனையில் எம்டிஏ அதிகம், மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன் குறைவு என்று வந்துள்ளது. வைட்டமின் ஈ, சி கலந்த மாத்திரையை மூன்று மாதம் சாப்பிட்டுவிட்டு மறுபடி சோதிக்கச் சொல்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள என் அண்ணனுக்கோ இதே சோதனை ‘மிக நன்று’ என்று வந்தது. எதை நம்புவது?

பதில்: உங்கள் அண்ணனின் ரிப்போர்ட்டிலிருந்தே தொடங்குகிறேன், இந்தச் சோதனையின் குணம் அதிலேயே தெரிந்துவிடுகிறது. மொத்த ஆன்டிஆக்சிடன்ட் திறன் என்பது ரத்தத்தில் உள்ள ஏதோ ஒரு பொருளின் அளவு அன்று. ஆய்வகத்தில் சேர்க்கப்படும் ஒரு வேதிப்பொருளின் நிறத்தைச் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்ப்பகுதி) எந்த அளவுக்கு மாற்றுகிறது என்பதை வைத்துக் கணக்கிடப்படும் எண் அது. அந்த வேலையில் பெரும்பங்கைச் செய்பவை வைட்டமின்கள் அல்ல, யூரிக் அமிலமும் ஆல்புமின் என்ற ரத்தப் புரதமும்தான். சிறுநீரகம் தளரும்போது யூரிக் அமிலம் ரத்தத்தில் தேங்குகிறது; அது தேங்கத் தேங்க இந்த எண்ணும் ஏறுகிறது. நோயின் விளைவே நல்ல மதிப்பெண்ணாக அச்சாகி வந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறாக, நீங்கள் எடுக்கும் மாத்திரை டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசினாக இருந்தால், அது யூரிக் அமிலத்தைக் குறைக்கக் கூடியது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை செய்யும் மருந்தே உங்கள் எண்ணைக் கீழே இழுத்திருக்கலாம்.

எம்டிஏ எனப்படும் மலோன்டைஆல்டிஹைடு, கொழுப்பு ஆக்சிஜனேற்றமடைந்து சிதையும்போது உண்டாகும் சிறு துணுக்கு. பெரும்பாலும் இதை அளக்கும் முறை பழையது: சீரத்தைத் தயோபார்பிட்யூரிக் அமிலத்துடன் கலந்து, ஏறத்தாழ 95 டிகிரி செல்சியஸில் சூடாக்கி, குழாயில் தோன்றும் இளஞ்சிவப்பு நிறத்தை 532 நானோமீட்டர் ஒளியில் அளப்பார்கள். அந்த நிறத்தை எம்டிஏ மட்டும் தருவதில்லை. சில சர்க்கரைகளும், பித்த நிறமியான பிலிருபினும்கூடக் குறுக்கிடுகின்றன, போதாததற்குச் சூடாக்கும்போதே குழாய்க்குள் புதிதாக எம்டிஏ உண்டாகிறது. ரத்தம் எடுக்கையில் ஊசி ரத்த நாளத்தில் சரியாக நிற்காமல் சிரிஞ்சை வலுவாக இழுத்தாலே சிவப்பணுக்கள் உடைந்து, வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டிய சீரம் ரோஜா நிறமாகிவிடும். அதற்குப் பிறகு வரும் எண் உங்கள் உடலைப் பற்றியதா, அந்தக் குழாயைப் பற்றியதா என்று எவராலும் பிரித்துச் சொல்ல இயலாது. வீட்டுக்கு வந்து எடுத்த ரத்தம் வெயிலில் எத்தனை மணி நேரம் பயணம் செய்தது என்பதையும் கேட்டுப் பாருங்கள். கொழுப்பின் ஆக்சிஜனேற்றத்துக்கு நம்பகமான குறியீடாக ஆய்வாளர்கள் கருதும் ஐசோப்ரோஸ்டேன் என்ற பொருள்களைக்கூட (1990இல் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் கண்டறியப்பட்டவை) மைனஸ் 20 டிகிரியில் வைத்திருந்தால் பிளாஸ்மாவில் அவை தாமாகவே உருவாகிக் கூடிவிடும். மைனஸ் 70 வேண்டும்.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் (வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் பொருள்கள் ஆன்டிஆக்சிடன்ட்களை விஞ்சி செல்லைச் சேதப்படுத்தும் நிலை) என்பதே கட்டுக்கதை என்று நான் சொல்லவில்லை. ரத்தச் சர்க்கரை ஓயாமல் உயர்ந்திருக்கும்போது செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பராக்சைடு என்ற அத்தகைய பொருள் அதிகமாக உண்டாகிறது; மிகுதியான குளுக்கோஸ் சார்பிட்டாலாக மாறும் வழியில் என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் செலவாகிவிடுவதால், செல்லின் சொந்த ஆன்டிஆக்சிடன்ட்டான குளூட்டாதயோன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள அது போதாமல் போகிறது. விழித்திரையிலும் நரம்பிலும் சர்க்கரை செய்யும் சேதத்தில் இதற்குப் பங்கு உண்டு. ஆனால் அது நடப்பது செல்லுக்குள்ளே. முழங்கையில் எடுத்த ரத்தத்தில் தெரிவது அதன் மங்கலான நிழல்தான்.

மாத்திரையால் அந்தச் சேதத்தைத் தடுக்க முடியுமா என்பது ஏற்கெனவே பெரிய அளவில் சோதிக்கப்பட்டது. பிரிட்டனில் நடந்து 2002இல் வெளியான இதயப் பாதுகாப்பு ஆய்வில், இதய நோயாளிகளும் சர்க்கரை நோயாளிகளும் உட்பட 20,536 பேர் கலந்துகொண்டனர். அவர்களில் பாதிப் பேருக்கு நாள்தோறும் 600 மி.கி. வைட்டமின் ஈ, 250 மி.கி. வைட்டமின் சி, 20 மி.கி. பீட்டா கரோட்டின் என ஐந்து ஆண்டுகள் கொடுத்தார்கள். ரத்தத்தில் வைட்டமின் ஈ ஏறக்குறைய இரட்டிப்பானது. மாரடைப்போ, பக்கவாதமோ, புற்றுநோயோ, மரணமோ குறையவில்லை. ரத்தத்தில் ஏறும் எண்ணும் உடலுக்குக் கிடைக்கும் பலனும் வேறுவேறு என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று இதுதான். நீங்கள் புகை பிடிப்பவராக இருந்தால் இன்னும் எச்சரிக்கை தேவை: ஃபின்லாந்தில் 29,133 ஆண் புகைப்பிடிப்பாளர்களிடம் நடத்தி 1994இல் வெளியிட்ட ஆய்வில், பீட்டா கரோட்டின் எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 விழுக்காடு கூடியிருந்தது.

ஆகவே, இந்த ரிப்போர்ட்டை மட்டும் நம்பி மாத்திரையைத் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே தொடங்கியிருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், குறிப்பாக வார்ஃபாரின் போன்ற ரத்த உறைவெதிர்ப்பு மருந்து எடுப்பவராக இருந்தால். வைட்டமின் ஈ அதிக அளவில் ரத்தக்கசிவு அபாயத்தைக் கூட்டும். அதிக அளவு வைட்டமின் சி, சிறுநீர்ச் சோதனைப் பட்டையில் சர்க்கரையையும் ரத்தத்தையும் காட்டாமல் மறைத்துவிடும்; சிறுநீரகக் கல்லுக்கும் வழிவகுக்கும். அத்தகைய மாத்திரைகள் சிலவற்றில் சேர்க்கப்படும் பயோட்டின், தைராய்டு சோதனையைத் தவறாகக் காட்டக் கூடியது.

மூன்று மாதம் கழித்து நீங்கள் செய்ய வேண்டிய ரத்தப் பரிசோதனை, அந்த மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி. அதனுடன் சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம், கிரியாட்டினினிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் வடிகட்டும் வேகம்), கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். மெட்ஃபார்மின் பல ஆண்டுகளாக எடுப்பவரென்றால் பி12 அளவையும் சேர்த்துக்கொள்ளலாம். கண்மணியை விரியவைத்து விழித்திரையைப் பார்க்கும் சோதனை கடைசியாக எப்போது நடந்தது என்பது நினைவுக்கு வரவில்லையென்றால், மறுபரிசோதனைக்கு எடுத்துவைத்திருக்கும் பணத்துடன் இந்த வாரமே கண் மருத்துவரிடம் போங்கள்.