கொசு கடிச்சா அதோட ஜீன் நம்ம டிஎன்ஏக்குள்ள வந்துடுமா?

வேளச்சேரியிலருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "டாக்டர், என் பையனுக்கு 9 வயசு, போன மாசம் டெங்கு வந்து இப்பதான் சரியாச்சு. கொசுக்குள்ள தாவுற ஜீன் இருக்கு, கடிக்கும்போது நம்ம டிஎன்ஏல ஒட்டிக்கும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சு. அவனுக்கு ஏதாவது ஆகுமா?"

ஆகாதும்மா, நிம்மதியா இருங்க. தாவுற ஜீன் நிஜம்தான், டிரான்ஸ்போசான்னு சொல்லுவோம், பார்பரா மெக்லின்டாக்னு ஒரு அம்மா மக்காச்சோளத்துல கண்டுபிடிச்சு 1983ல நோபல் வாங்கினாங்க. டெங்கு கொசுவோட டிஎன்ஏவ 2007ல முழுசா படிச்சப்ப 47 சதவீதம் இந்த ரகம்தான்னு தெரிஞ்சது. நம்ம டிஎன்ஏலயும் கிட்டத்தட்ட பாதி அப்படித்தான், பெரும்பாலும் அசையாம கிடக்கு.

ஆனா அது தாவுறதெல்லாம் தான் இருக்கிற செல்லுக்குள்ளதான். ஒரு வகை வெட்டி எடுத்து வேற எடத்துல ஒட்டிக்கும், இன்னொரு வகை ஆர்என்ஏவா, அதாவது டிஎன்ஏவோட சொந்தக்கார மூலக்கூறா, காப்பி எடுத்து, அத திரும்ப டிஎன்ஏவா மாத்தி சொருகிக்கும். கொசு நமக்குள்ள விடறது எச்சிலு, வைரஸ் இருந்தா அதுவும், அவ்வளவுதான். டெங்கு ஆர்என்ஏ வைரஸ், அதுவும் நம்ம டிஎன்ஏல சேராது.

எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் கொசுக்குள்ள நடக்கறதுதான். டெங்குக்கு சொந்தக்கார வைரஸ் சிலது கொசுவ மட்டும் பிடிக்கும், அப்படி ஒண்ணு உள்ள வந்தா, இந்த காப்பி எடுக்கிற மெஷின் சிலசமயம் வைரஸோட ஆர்என்ஏலயும் ஒரு துண்ட டிஎன்ஏவா மாத்தி சொருகிடும், அந்த துண்டுலருந்து குட்டி குட்டி ஆர்என்ஏ கிளம்பி, அதே வைரஸ் திரும்ப வந்தா பிடிச்சு நறுக்கும். போலீஸ் ஸ்டேஷன்ல திருடன் போட்டோ ஒட்டி வைப்பாங்கல்ல, அந்த மாதிரி.

உங்க பையன் விஷயத்துல நான் கவலப்படறது வேற. டெங்குல 4 வகை இருக்கு, வேற வகை ரெண்டாவது தடவ வந்தா சீரியஸாக வாய்ப்பு ஜாஸ்தி. அதனால லாரி தண்ணி பிடிச்சு வைக்கிற டிரம்ம காலி பண்ணா மட்டும் போதாது, தண்ணி நின்ன கோட்டுக்கு கொஞ்சம் மேல கடுகவிட சின்னதா கருப்பா முட்டை ஒட்டியிருக்கும், காஞ்சு போனாலும் மாசக்கணக்குல உயிரோட இருக்கும், பிரஷ் போட்டு அழுத்தி தேய்ச்சு கழுவுங்க. ஃப்ரிட்ஜ் பின்னாடி இருக்கிற தட்டையும் பாருங்க. இந்த கொசு பகல்லதான் கடிக்கும், ஸ்கூலுக்கு ஃபுல் பேண்ட் போட்டு அனுப்புங்க.

திரும்ப காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும் குடுங்க, ஐபுரூஃபன், ஆஸ்பிரின் வேணாம். காய்ச்சல் விட்டப்புறம் வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம், சோர்ந்து படுத்தே கிடக்கறது, இதுல எது தெரிஞ்சாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டு போங்க.