கிளட்சை விட்டதும் பைக் ஏன் அணைந்துவிடுகிறது?

பைக் ஓட்டப் பழகுகிறேன், கிளட்சை விட்டாலே வண்டி குலுங்கி நின்றுவிடுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். கிளட்சை நீங்கள் சட்டென்று விடுவதுதான் காரணம். சுற்றிக்கொண்டிருக்கும் எஞ்சினையும் அசையாமல் நிற்கும் சக்கரத்தையும் கிளட்ச் தட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக உரசித்தான் இணைக்க வேண்டும், ஒரேயடியாக இணைத்தால் எஞ்சின் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அணைந்துவிடும்.

காலி மைதானத்தில், எஞ்சின் சூடானதும், கிளட்சைப் பிடித்து முதல் கியரைப் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மிக மெதுவாக விடுங்கள். ஓரிடத்தில் எஞ்சின் சத்தம் லேசாகக் குறைந்து வண்டி முன்னால் நகரப் பார்க்கும். விரல்களை அங்கேயே நிறுத்துங்கள். கால்கள் தரையில் உரச நாலடி நகர்ந்துவிட்டு மறுபடி கிளட்சைப் பிடியுங்கள். இதை ஐம்பது தடவை செய்தாலும் தப்பில்லை, கைக்கு அந்த இடம் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான். அப்புறம் லேசாக ஆக்சிலேட்டர் சேர்க்கலாம்.

இன்னொன்று, முன் பிரேக்கைத் தொடவே பலர் பயப்படுகிறார்கள். பிரேக் போடும்போது பாரம் முன்சக்கரத்துக்குப் போவதால் வண்டியை அதிகம் நிறுத்துவதே அதுதான். ஆனால் ஹேண்டில் திரும்பியிருக்கும்போதும் மணலிலும் வெடுக்கென்று பிடிக்காதீர்கள், சக்கரம் வழுக்கிவிடும். சரி, ஹெல்மெட் முதல் நாளே வேண்டும், மைதானமாக இருந்தாலும்.