அம்மாவின் பெட்டியில் இருந்த காசுகள்

கேள்வி: அம்மா காலமான பிறகு அவருடைய பெட்டியில் ராஜா தலைப் பவுன் இரண்டும், பழைய வெள்ளி ரூபாய் ஒன்பதும், ராமர் பட்டாபிஷேகம் பொறித்த 1818ஆம் ஆண்டுக் கம்பெனிக் காசு ஒன்றும் கிடைத்தன. இவை அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா? மேலும், அஸ்திவாரம் தோண்டும்போது கிடைத்த தங்கக் காசுகள் என்று சொல்லி ஒருவர் பாதி விலைக்குத் தர முன்வந்திருக்கிறார். அவர் கொடுத்த ஒரு காசை நகைக்கடையில் உரைத்துப் பார்த்தோம். நல்ல தங்கம் என்றார்கள். மீதியை வாங்கலாமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

அவசரம் இரண்டாவது கேள்வியில் இருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து வாங்காதீர்கள். சோதிக்கத் தரும் ஒற்றைக் காசு நல்ல தங்கமாக இருப்பதும், பணம் கைமாறும் நாளில் பை நிறையப் பித்தளை வருவதும் இந்த மோசடியின் வழக்கமான முறை. அவர் சொல்வது உண்மையாகவே இருந்தாலும், 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தவர் அதை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. மறைத்து விற்பதை வாங்கினால் நீங்களும் சேர்ந்து பதில் சொல்ல வேண்டிவரும். முன்பணம் ஏதும் கொடுத்திருந்தால் இன்றே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள்.

இனி அம்மாவின் பவுன்கள். நாம் எட்டு கிராமை ஒரு பவுன் என்பதே இந்த ஆங்கிலேய நாணயத்தை வைத்துத்தான். அதன் எடை 7.98 கிராம், விட்டம் 22 மில்லிமீட்டர், தடிமன் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர், தரம் 22 காரட். இன்று கடைகளில் 916 என்கிறோமே, அதே மாற்று. போலி செய்பவரால் ராஜாவின் முகத்தையும் மஞ்சள் நிறத்தையும் கொண்டுவந்துவிட முடியும். எடையையும் அளவையும் ஒருசேரக் கொண்டுவருவதுதான் கடினம், ஏனெனில் தங்கத்தின் அடர்த்தி பித்தளையைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதே அளவில் பித்தளைக் காசு செய்தால் நான்கு கிராம்கூடத் தேறாது. ஆகவே 0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசும் விட்டத்தையும் தடிமனையும் அளக்க ஒரு வெர்னியர் காலிப்பரும் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

மீதிப் பாதியைத் தண்ணீரில் பார்க்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கிக்கொண்டு, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் முழுவதுமாக மூழ்கும்படி தொங்கவிடுங்கள். தராசு 0.45 கிராம் அல்லது அதை ஒட்டிக் காட்டினால் அடர்த்தி சரியாக இருக்கிறது. காசுமாலையில் கோக்க வளையம் பற்றவைத்திருந்தால் அதன் எடையும் சேர்ந்துவிடும் என்பதை மறக்க வேண்டாம். தேய்மானத்தால் எடை சற்றுக் குறையலாம், 7.9 கிராமுக்குக் கீழே போனால் சந்தேகப்பட வேண்டும்.

ஆண்டையும் தலையையும் பொருத்திப் பாருங்கள். ஏழாம் எட்வர்டு தலையில் 1902 முதல் 1910 வரையும், ஐந்தாம் ஜார்ஜ் தலையில் 1911 முதல் 1932 வரையும்தான் பவுன்கள் அச்சாயின. 1918இல் மும்பையிலேயே அச்சிட்டார்கள். அவற்றில் ‘ஐ’ என்ற சிறிய ஆங்கில எழுத்து இருக்கும். பெய்ரூட் போன்ற இடங்களில் நல்ல தங்கத்திலேயே செய்த போலிகளும் உண்டு. அவை எடையில் தேறிவிடும். எழுத்துகளின் விளிம்பு மழுங்கியிருப்பதையும் பரப்பில் ஊசிமுனைக் குழிகள் இருப்பதையும் பூதக்கண்ணாடியில்தான் காண வேண்டும்.

வெள்ளி ரூபாயில் குழப்பம் அதிகம், அதில் பாதி கள்ளக்காசால் வருவதும் அல்ல. விக்டோரியா காலம் முதல் 1939 வரையிலான ரூபாய் 11.66 கிராம் எடையும் நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளியும் கொண்டது. 1940 முதல் 1945 வரையிலான ரூபாயின் எடையும் அதேதான், ஆனால் வெள்ளி சரிபாதி. 1947ஆம் ஆண்டின் புலி போட்ட ரூபாய் முழுக்க நிக்கல். காந்தம் இழுக்கும், ஆனாலும் அசல் நாணயம்தான். தண்ணீர்ச் சோதனையில் நல்ல வெள்ளி ரூபாய் 1.13 அளவில் காட்டும், 1.3ஐ எட்டினால் அது வெள்ளி முலாம் பூசிய வேறு உலோகமாக இருக்கலாம். ‘விக்டோரியா குயின்’ என்ற எழுத்து 1876 வரைக்கும்தான். 1877 முதல் ‘எம்ப்ரஸ்’ என்று மாறிவிட்டது. 1939ஆம் ஆண்டு ரூபாய் அரிதானது, அதனாலேயே அதற்குப் போலிகள் உண்டு. அந்த ஆண்டு தென்பட்டால் நாணயம் தெரிந்தவரிடம் காட்டாமல் விற்க வேண்டாம். கல்லில் சுண்டிப் பார்க்கும் பழைய வழக்கம் ஈயக் கலப்பைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் விரிசல் விட்ட நல்ல காசும் ஒலிக்காது. சங்கப் புலவர் சிலரின் பெயரோடு வரும் ‘வண்ணக்கன்’ என்பது காசு நோட்டம் பார்ப்பவரைக் குறிக்கும் சொல். அவ்வளவு பழைய வேலை இது.

ஐயம் தீராவிட்டால் ஹால்மார்க் மையத்தில் எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பாருங்கள். அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும், தடித்த முலாம் அதை ஏமாற்றிவிடும். எனவே எடைச் சோதனையையும் விட்டுவிடக் கூடாது. அமிலம் ஊற்றுவதும் புளி போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். கறுத்த பழங்காசை மினுக்கினால் சேகரிப்பவர்கள் தரும் விலை குறையும்.

ராமர் காசைப் பற்றிச் சொல்வதற்குத்தான் மனம் தயங்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு காசை ஒருபோதும் அச்சிடவில்லை. கம்பெனியின் பெயரையும் ஆண்டையும் போட்டுப் பிற்காலத்தில் யாரோ செய்தவை இவை. இதற்கு இலட்சக்கணக்கில் விலை உண்டு என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். ஆனால் அம்மா அதைப் பூஜை அறையில் வைத்திருந்தார் என்றால், அந்த இடத்திலிருந்து நீங்கள் எடுக்க வேண்டியதில்லை.